பீட்ரூட் இல்லாத பாம்பே சாண்ட்விச்

விருந்தில் கண்ணெதிரே செய்து கொடுக்கும் லைவ் கவுன்ட்டர் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, கிரில்லர் எங்கே வாங்கலாம், பிரெட் யாரிடம் எடுக்கலாம் என்பதைத்தான். அதையெல்லாம் போனிலேயே சொல்லிவிடுவேன். போனில் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்கு நான் போட்ட முதல் கல்யாணக் கவுன்ட்டரின் கதையை முழுசாகச் சொல்ல வேண்டும்.

1. ஆஸ்பத்திரி ஐட்டம்

"கல்யாண வூட்ல பிரெட்டா? யாருக்குமா ஒடம்பு சரியில்ல?"

என் முதல் பார்ட்டி என்னிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். பேசியவர் ஏழுமலை. கல்யாணப் பெண் திவ்யாவின் பெரியப்பா. தாம்பரத்தை அடுத்த படப்பை மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம். திவ்யா சின்னப் பெண்ணாக இருக்கும்போதே அவள் அப்பா தவறிவிட்டார். அவளைப் படிக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசி முடித்தது எல்லாம் பெரியப்பாதான். அந்த வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

நான் ஜெசிந்தா. சேலையூரில் வீடு. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் கேன்டீனில் சாண்ட்விச் கவுன்ட்டரில் நின்றவள். கேன்டீன் கான்ட்ராக்ட் வேறு கைக்குப் போனபோது வெளியே வந்து, நானும் என் வீட்டுக்காரர் அமல்ராஜும் சொந்தமாகக் கவுன்ட்டர் போடலாம் என்று இறங்கினோம். திவ்யா அந்தக் கேன்டீனில் என் தினப்படிக் கஸ்டமர். "அக்கா, என் ரிசப்ஷனுக்கு உங்க சாண்ட்விச்தான்" என்று என்றைக்கோ சொல்லி வைத்திருந்தாள். கல்யாணம் நிச்சயமானதும் சொன்ன சொல் மாறாமல் என்னைப் படப்பைக்குக் கூப்பிட்டாள்.

நான் சாம்பிளோடு போனேன். போர்ட்டபிள் கிரில்லர், மூன்று விதச் சட்னி, நறுக்கிய காய் எல்லாம் எடுத்துக்கொண்டு போய், பெரியப்பாவின் வீட்டு ஹாலில் கடை விரித்தேன். விரித்ததோடு விட்டேனா? வாயையும் திறந்தேன்.

"ஐயா, சாண்ட்விச்னா வெறும் பிரெட்டுன்னு நெனைக்காதீங்க. கேன்டீன்ல ஆளைப் பார்த்தாலே யாருக்கு எதுன்னு சொல்லிடுவேன். புதுசா வேலைக்குச் சேர்ந்த பசங்க சில்லி சீஸ் டோஸ்ட். மேனேஜருங்க கார்ன் ஸ்பினாச், கேட்டா டயட்டும்பாங்க, மேல ரெண்டு சீஸ் போடச் சொல்வாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு வர்றவங்களுக்கு முட்டை மயோனைஸ். லவ் ஃபெயிலியர்னா சாக்லேட் சாண்ட்விச். பனீர் டிக்கா சாப்பிடறவங்களுக்கு அன்னிக்குச் சம்பள நாள்னு அர்த்தம். மூணு அடுக்கு வச்சு, குச்சி குத்தி, கிளப் சாண்ட்விச்னு ஒண்ணு இருக்கு. அதைத் தின்னத் தெரிஞ்சவங்க யாருமே இல்லை, எல்லாரும் பிரிச்சுத்தான் தின்பாங்க…"

பெரியப்பா ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். தட்டைத் தொடவில்லை. நான் பிரெட் பாக்கெட்டைப் பிரித்தபோது மட்டும் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுவிட்டு வந்தார்.

"எல்லாம் சரிமா. நம்ம பக்கம் பிரெட்டுன்னா காய்ச்சல்காரன் சாப்பாடு. ஆஸ்பத்திரிக்குப் போகசொல்ல பிரெட்டு, ஆப்பிளு, ஹார்லிக்ஸ் வாங்கிகினு போவோம். அத்த ரிசப்ஷன்ல வெச்சா வர்றவன் இன்னா நெனைப்பான்?"

திவ்யா நடுவில் வந்தாள். "பெரியப்பா, மண்டபம் நீங்க சொன்னது. சமையல் நீங்க சொன்னது. புடவைக் கலர் கூட நீங்க சொன்னது. ஒரே ஒரு டேபிள் எனக்கு விடுங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி மூன்று கண்டிஷன் போட்டார். போர்டில் எங்கேயும் 'பிரெட்' என்று எழுதக் கூடாது. டேபிள் கண்ணில் படாத இடத்தில், கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். கடைசிக் கண்டிஷன், பீட்ரூட் கூடாது. "அத்தினி பேரும் பட்டுக் கட்டிகினு வருவாங்க. ஒரு சொட்டு பட்டா போச்சு. பீட்ரூட்டு யாவாரம் பண்றவன் சொல்றேன், கேட்டுக்க."

கடைசிக் கண்டிஷன் நியாயமாகப் பட்டது. தலையாட்டினேன்.

2. லோடு

தாம்பரம் முடிச்சூர் ரோட்டில் மண்டபம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன். வாஷ்பேசினுக்கும் டைனிங் ஹால் வாசலுக்கும் நடுவில், ஒரு ஃபைபர் யானை பொம்மைக்குப் பின்னால் எங்கள் டேபிளைப் போட்டார்கள். அமல்ராஜ் அதைப் பார்த்துவிட்டு, "ஜெசி, யானை நகர்ந்தாத்தான் நாம தெரிவோம்" என்றார்.

நாங்கள் வருத்தப்படவில்லை. ஃப்ளெக்ஸ் போர்டு மாட்டினோம். சில்லி சீஸ், பனீர் டிக்கா, கார்ன் ஸ்பினாச், கோல்ஸ்லா, குழந்தைகளுக்குச் சாக்லேட், எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் பாம்பே சாண்ட்விச். மாப்பிள்ளை கார்த்திக் வீட்டார் மும்பை மாட்டுங்காவில் செட்டில் ஆன தமிழர்கள். அவர்களுக்கு ஒரு மரியாதையாக இருக்கட்டும் என்று திவ்யா ஆசைப்பட்டுப் போடச் சொன்னது அது.

ரெண்டு கிரில்லரையும் ஆன் செய்தேன். பொண்ணும் மாப்பிள்ளையும் மேடைக்கு வந்து நின்ற நேரம். பாட்டுக் கச்சேரிக்காரர் மேல் ஸ்தாயிக்குப் போய்க்கொண்டிருந்தார். கிரில்லரில் சிவப்பு லைட் எரிந்தது. மறு நொடியே மண்டபத்து லைட்டோடு சேர்ந்து அதுவும் அணைந்தது. கச்சேரிக்காரரின் குரல் மைக் இல்லாமல் தனியாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது.

மண்டபத்து மேனேஜர் டார்ச்சோடு ஓடி வந்தார். "மேடம், இன்னாது இது? ரெண்டு அயர்ன் பாக்ஸ சொருகி வெச்சிருக்கீங்க?"

"சார், இது கிரில்லர்."

"எதுவோ ஒண்ணு. இந்த லைன்லதான் ஸ்டேஜ் லைட்டும் ஓடுது. ஸ்டேஜா, உங்க அயர்ன் பாக்ஸா? ஏதாச்சும் ஒண்ணுதான்."

மேடையில் மாலையோடு இருட்டில் நிற்கும் பெண் என் கஸ்டமர். வேறு என்ன சொல்ல முடியும்? பிளக்கைப் பிடுங்கினேன். இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு: மண்டபத்துக்குள் நுழைந்ததும் சாமானை இறக்காதீர்கள். முதலில் எலெக்ட்ரீஷியனைப் பிடித்து, தனி லைன் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் இறக்கலாம்.

அமல்ராஜ் செல்லோ டேப்பும் வெள்ளைப் பேப்பரும் எடுத்து, போர்டில் கிரில் ஐட்டம் ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினார். சில்லி சீஸ் போனது. பனீர் போனது. கார்ன் போனது. மிச்சம் இருந்தது கோல்ஸ்லா, சாக்லேட், அப்புறம் தலைக்கு மேலே அந்தப் பெரிய எழுத்து.

3. போர்டில் எழுதியிருந்தது

கை கழுவ வந்த முதல் ஆள் ஈரக் கையோடு நின்றார். வெள்ளைச் சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, வழுக்கைத் தலை. போர்டை எழுத்துக்கூட்டி வாய்விட்டுப் படித்தார். முகம் மலர்ந்தது.

"அரே! தாம்பரத்துல பாம்பே சாண்ட்விச்சா!"

அவர் சுந்தரம். மாப்பிள்ளையின் தாய்மாமா. ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். பிறந்ததே மும்பையில். "மேடம், நான் காலேஜ் படிக்கும்போது தினம் இதுதான். ஸ்டேஷன் வாசல்ல ஒரு சாண்ட்விச்காரப் பையா நிப்பான். ஒண்ணு குடுங்க, பார்க்கலாம்."

நான் ஆசையாகக் கட்டினேன். ஓரம்வரைக்கும் வெண்ணெய் தடவினேன். ஓரத்தை விட்டால் காயின் தண்ணீர் அந்த வழியாக இறங்கிப் பிரெட்டை நமுத்துப் போக வைத்துவிடும். பொட்டுக்கடலை சேர்த்துக் கெட்டியாக அரைத்த பச்சைச் சட்னி. வெள்ளரி, தக்காளி, வெங்காயம், சாட் மசாலா. மூடி, அழுத்தி, குறுக்கே வெட்டிக் கொடுத்தேன்.

ஒரு கடி கடித்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மெக்கானிக் பானெட்டைத் தூக்குகிற மாதிரி மேல் பிரெட்டைத் தூக்கி உள்ளே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"பீட்ரூட் எங்க?"

நான் வெண்ணெய்க் கத்தியைத் துடைத்தேன்.

"ஆலு எங்க? வேகவெச்ச ஆலு?"

உருளைக்கிழங்கை நான் கேட்டிருந்தேன். சமையல்காரர் தரவில்லை. அந்தக் கதை பிறகு வருகிறது.

"இதுக்கு ஏன் பாம்பேன்னு பேர் வெச்சீங்க?" அவர் கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் கூடச் சமாளித்திருப்பேன். துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். "வெஜிடபிள் சாண்ட்விச்னு போட்டிருந்தா நான் பாட்டுக்குப் போயிருப்பேனே."

அவர் குரல் தணிவாகத்தான் இருந்தது. ஆனால் பின்னால் நின்ற மாப்பிள்ளை வீட்டுப் பெண்மணி பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "அண்ணாவுக்குப் பிடிக்கலையாம்" என்றார். போதாதா? கல்யாண மண்டபத்தில் காபி வந்து சேர நேரம் ஆகலாம், இந்தச் செய்தி வந்து சேர நேரமே ஆகாது. டைனிங் ஹால் தாண்டும்போது "மாமாவுக்குக் கவனிப்பு சரியில்லையாம்" என்று ஆனது. மேடைக்குப் போகும்போது "மாமா சாப்பிடாமப் போறாராம்" என்று ஆகிவிட்டது.

பெரியப்பா சந்தன நிறப் பட்டுச் சட்டையில், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, யானை பொம்மையைச் சுற்றி ஓடி வந்தார்.

"இன்னாங்க மாமா, இன்னா கொறை?"

"குறை இல்லைங்க. பீட்ரூட் இல்லை. அவ்வளவுதான்."

நான் வாயைத் திறந்தேன். 'நீங்கதானே ஐயா வேண்டாம்னு சொன்னீங்க' என்ற வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அமல்ராஜ் டேபிளுக்கு அடியில் என் காலை மிதித்தார்.

பெரியப்பா என்னைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். அங்கே கூடிவிட்ட மாப்பிள்ளை வீட்டு ஜனத்தைப் பார்த்தார். படப்பை மார்க்கெட்டில் காய்கறி வியாபாரம் செய்பவர். அவர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு காய் இல்லை என்று சம்பந்தி வீட்டார் நிற்கிறார்கள்.

"இல்லன்னு யாரு சொன்னது? பீட்ரூட்டு வந்துகினே கீதுங்க" என்றார். "ஃப்ரெஷ்ஷா வேணும்னு நான்தான் லேட்டா எடுத்தாரச் சொன்னேன். நீங்க ஒக்காருங்க. இதோ வந்துட்டேன்."

4. நீங்கதானே சொன்னீங்க

சமையல்கட்டில் பழனி மாஸ்டர் பூரிக்கு மாவு உருட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்பப் பெரிய கை. எங்கள் டேபிளைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலிருந்து என் மேல் அவருக்குக் கோபம். நான் பெரியப்பாவுக்குப் பின்னாலேயே போனேன். மூலையில் ஒரு மூட்டை பீட்ரூட், மறுநாள் முகூர்த்தச் சாப்பாட்டுப் பொரியலுக்கு. அடுப்புப் பக்கம் ஒரு அண்டா நிறைய வேகவைத்து உரித்த உருளைக்கிழங்கு.

"மாஸ்டர், கொஞ்சம் பீட்ரூட்டும் கெழங்கும் குடு" என்றார் பெரியப்பா.

"எதுக்குங்க?"

"அந்த டேபிளுக்கு."

மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த டேபிளுக்கு ஒரு கொத்தமல்லித் தழை கூடப் போகக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் கேக்கறேன்."

"அதுலதான் ஒரு சிக்கல் கீதுங்க. 'பொண்ணு மூஞ்சியப் பாத்து மனசு எளகி நானே வந்து கேட்டாலும் குடுக்காத'ன்னும் நீங்கதான் சொன்னீங்க."

பெரியப்பா பீட்ரூட் மூட்டையைப் பார்த்தார். பழைய ஏழுமலை போட்ட பூட்டை இன்றைய ஏழுமலையால் திறக்க முடியவில்லை. நான் சிரித்துவிடாமல் இருக்க அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"மாஸ்டரு, பொண்ணுக்காக இல்ல. மாப்ள வூட்டுத் தாய்மாமா கேக்கறாரு."

மாஸ்டரின் முகம் மாறியது. சம்பந்தி வீட்டார் கேட்பது வேறு கணக்கு. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "அப்ப நாளைக்குப் பொரியலுக்கு நான் இன்னா பண்றது?"

பெரியப்பா போனை எடுத்தார். "டேய், கடைல கேரட்டு எத்தினி மூட்டை கீது? அத்தினியும் வண்டில போட்டு முடிச்சூர் மண்டபத்துக்கு அனுப்பு." போனை வைத்துவிட்டு, "நாளைக்குக் கேரட்டுப் பொரியல்" என்றார்.

மாஸ்டர் இறங்கி வந்தார். பெரிய குக்கரில் பீட்ரூட் ஏறியது. உருளைக்கிழங்கு அண்டாவை என் பக்கம் தள்ளும்போது மட்டும் சொன்னார்: "சிஸ்டர், கெழங்கு யாருதுன்னு கேட்டா எம்பேர சொல்லணும்."

5. ரத்தம்

பீட்ரூட் வெந்து வருவதற்குள் சுந்தரம் மாமாவை உட்கார வைப்பது அமல்ராஜின் வேலை. என் வீட்டுக்காரர் அதிகம் பேசாதவர். என்ன செய்தார் என்று தெரியவில்லை, நான் திரும்பி வரும்போது மாமா டேபிளுக்கு உள்பக்கம் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, பிரெட்டுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

பெரியப்பா குக்கரைத் துணியோடு பிடித்துத் தானே தூக்கி வந்தார். "நீ எட்டப் போமா. காய் என் வேலை" என்று கத்தியை வாங்கிக்கொண்டார். உரித்தார். நறுக்கினார்.

மாமா எட்டிப் பார்த்தார். "கனமா இருக்கே சம்பந்தி. பேப்பர் மாதிரி வேணும்."

"பேப்பர் மாதிரி வெட்டினா பீட்ரூட்டு எங்க கீதுன்னு மறுபடி நீங்கதான் கேப்பீங்க. ஒரு ரூபா காசு கனம் இருக்கணும்."

"மாட்டுங்காவுல அப்படி வெட்டினா ஓட்டிடுவாங்க."

"படப்பைல பேப்பர் மாதிரி வெட்டினா காய ஏமாத்தறான்னு ஒதைப்பாங்க."

"கத்தியை இங்க கொடுங்க, நான் காட்டறேன்."

"நீங்க விடுங்க."

"நீங்க விடுங்க சம்பந்தி!"

கத்தியை ஒருவர், பீட்ரூட்டை ஒருவர். சுடச்சுட உரித்த பீட்ரூட் வழுக்கிப் பெரியப்பாவின் மார்பில் மோதி, சந்தனப் பட்டில் மேலிருந்து கீழே வரைக்கும் ஒரு கோடு போட்டு இறங்கியது. அதைப் பிடிக்கப் போன மாமாவின் கன்னத்திலும் வெள்ளைச் சட்டையிலும் தெறித்தது. பெரியப்பா கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றார்.

கை கழுவ வந்த திவ்யாவின் அத்தை யானைக்குப் பக்கத்தில் இருந்து பார்த்தது இந்தக் காட்சியைத்தான்.

"அய்யய்யோ! ரத்தம்!"

அந்தக் கூச்சல் மேடை வரைக்கும் போனது. பின்னாலேயே செய்தியும் போனது. பொண்ணு வீட்டுப் பெரியப்பா மாப்பிள்ளையோட மாமாவைக் குத்திட்டாராம். எதுக்கு? சாப்பாட்டுத் தகராறாம். கச்சேரிக்காரர் அன்றைக்கு இரண்டாவது முறையாகப் பாட்டை நிறுத்தினார். மாலையோடு கார்த்திக் ஓடி வந்தான். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திவ்யா ஓடி வந்தாள். எல்லாருக்கும் முன்னால் மாப்பிள்ளையின் அம்மா, "அண்ணா! அண்ணா!" என்று அலறிக்கொண்டு வந்தார். மேடையில் வாழ்த்தக் காத்திருந்த வரிசை முழுக்க அப்படியே திரும்பி அவர்கள் பின்னால் வந்தது.

அந்த அம்மா தன் அண்ணனின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தார். "எங்க அண்ணா? எங்க குத்து?"

மாமாவுக்குத் தங்கை என்ன கேட்கிறாள் என்று புரியவில்லை. இந்தக் களேபரத்துக்குள் நறுக்கிய பீட்ரூட்டை வைத்து அவர் கட்டி முடித்த சாண்ட்விச் கையில் இருந்தது. அழுதுகொண்டிருந்த தங்கையின் திறந்த வாயில் அதன் ஒரு மூலையை வைத்துவிட்டார்.

வாயில் வந்ததைத் துப்ப முடியாமல் அந்த அம்மா மென்றார். அழுகையும் மெல்லுவதும் கொஞ்ச நேரம் ஒன்றாக நடந்தன. பிறகு அழுகை மட்டும் நின்றது. விழுங்கிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"பீட்ரூட் போட்டுட்டாங்களா? நான் கூட வந்தப்பவே பார்த்தேன், இல்லையேன்னு. சொன்னா தப்பா எடுத்துக்குவாங்கன்னு சும்மா இருந்தேன்."

திவ்யாதான் முதலில் சிரித்தாள். பெரியப்பா கத்தியை இன்னும் உயர்த்தித்தான் வைத்திருந்தார். அவள் அதை மெதுவாக வாங்கி டேபிளில் வைத்தாள்.

6. போர்டில் இல்லாதவை

அதற்குப் பிறகு நடந்ததை நான் எந்த மண்டபத்திலும் பார்த்ததில்லை. வந்த கூட்டம் திரும்பிப் போகவில்லை. யானைக்குப் பின்னாலிருந்து வரிசை ஆரம்பித்து வாசல் வரைக்கும் போனது. மேடையில் ரெண்டு சிம்மாசன நாற்காலி மட்டும் இருந்தன.

மேனேஜர் வந்தார். மேடையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "மேடம், ஸ்டேஜ்ல யாருமே இல்ல. லைட்ட நிறுத்திடறேன். உங்க அயர்ன் பாக்ஸ போட்டுக்கங்க. எனக்கு அந்த சீஸ் போட்டது ஒண்ணு."

அமல்ராஜ் போர்டில் ஒட்டிய பேப்பரை ஒவ்வொன்றாகக் கிழித்தார். சில்லி சீஸ் வந்தது. பனீர் வந்தது. கார்ன் வந்தது. கிரில்லரில் வெண்ணெய் உருகும் வாசனைக்கு டைனிங் ஹாலில் பாதிச் சாப்பாட்டில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். வந்தவர்கள் வெறும் கையோடு வரவில்லை. ஒருவர் இலையில் இருந்த சேப்பங்கிழங்கு ரோஸ்ட்டைக் கொண்டு வந்து, "இத்த உள்ள வெச்சு அழுத்திக் குடுங்களேன்" என்றார். அழுத்திக் கொடுத்தேன். பிரமாதமாக இருந்தது. அடுத்தவர் வடகறி. அதற்கடுத்து ஒரு குழந்தை ஜிலேபி. ஒரு பாட்டியம்மா ஊறுகாயும் வெண்ணெயும் மட்டும் போதும் என்று கேட்டு, ரெண்டாவதும் வாங்கிக்கொண்டார். சாதத்தைக் கொண்டு வந்த ஒருவரை மட்டும் திருப்பி அனுப்பினேன்.

எந்த ஊர்ப் பதார்த்தத்தையும் உள்ளே வாங்கிக்கொண்டு, முகம் சுளிக்காமல் நிற்கிற ஒரே சாப்பாடு இதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுசாக விளங்கியது. கேன்டீனில் மெனு கார்டு இருந்தது, அதனால் தெரியவில்லை.

கடைசியில் பழனி மாஸ்டர் வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத் துண்டுக்கு அடியில் இருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தார். பூரிக்குச் செய்த கிழங்கு மசாலா, கூட அவர் கையால் வறுத்துப் போட்ட சோம்பும் பட்டையும். "இத்த வெச்சு சுட்டுப் பாருங்க சிஸ்டர்." சுட்டேன். மாமா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "மசாலா டோஸ்ட்! ஏக்தம் மும்பை! அச்சு அசல்!" என்றார். மாஸ்டர் மும்பைக்கே போய்வந்த மாதிரி நிமிர்ந்து நடந்து போனார்.

கூட்டம் கொஞ்சம் குறைந்தபோது கவனித்தேன். பெரியப்பா வெள்ளரி வெட்டினார், பீட்ரூட் வெட்டினார், தட்டு எடுத்துக் கொடுத்தார். யார் கேட்டாலும் "எங்க திவ்யா ஏற்பாடு" என்றார். ஆனால் ஒரு துண்டு பிரெட்டைக் கையால் தொடவில்லை. புதுப் பாக்கெட் பிரிக்கும்போதெல்லாம் வாஷ்பேசின் பக்கம் போய்விட்டு வந்தார்.

"ஐயா, நீங்க ஒண்ணு சாப்பிடுங்க."

"வேணாம்மா."

"இன்னமும் காய்ச்சல்காரன் சாப்பாடுதானா?"

அவர் சிரிக்கவில்லை. ஈரத் துணியால் கத்தியைத் துடைத்துக்கொண்டே, "என் தம்பி ஆஸ்பத்திரில கெடந்தப்ப, தெனம் காலைல பிரெட்டும் பாலும் நான்தான் எடுத்துகினு போவேன்" என்றார். "பால்ல நனைச்சு ஊட்டுவேன். கடைசில அதையும் முழுங்கல அவன். அந்தப் பாக்கெட்டு பிரிக்கற சத்தம் கீது பாரு, அதான்மா எனக்கு ஆவாது. வேற ஒண்ணும் இல்ல. இத்தப் போய் பொண்ணுகிட்ட எப்பிடி சொல்றது, கல்யாண நேரத்துல?"

பிரிக்காத பாக்கெட்டை டேபிளுக்கு அடியில் தள்ளினேன். படப்பை வீட்டு ஹாலில் உட்கார்ந்து இந்த மனிதருக்குக் கிளப் சாண்ட்விச்சுக்கு எத்தனை அடுக்கு என்று விளக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் திவ்யா மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டிருப்பாள்? அவள் கண்ணைப் பார்த்தேன், எல்லாம் கேட்டிருந்தாள்.

நான் ஒரு பெரிய பீட்ரூட்டை எடுத்தேன். அவர் சொன்ன கனத்தில், காசு கனத்தில், அகலமாக ரெண்டு வில்லை வெட்டினேன். ஒன்றின் மேல் பச்சைச் சட்னி, மாஸ்டரின் உருளைக்கிழங்கு, வெள்ளரி, ஒரு சிட்டிகை மசாலா. மேலே இன்னொரு வில்லையை வைத்து மூடி, குச்சி குத்தினேன். பிரெட் இல்லை.

திவ்யா என் கையிலிருந்து அதை வாங்கினாள். "பெரியப்பா, ஆ காட்டுங்க."

"கைல குடு. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

ஊட்டினாள். அவர் மென்றார். மோவாயில் சிவப்பாக வழிந்தது. நாங்கள் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். இன்னொன்று கேட்டு வாங்கினார்.

கடைசியாக ஒன்று

ஒருவர் ஒரு ஐட்டத்தை வேண்டாம் என்றால், உடனே மற்ற வெரைட்டியைச் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். ஏன் வேண்டாம் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவர் உடனே சொல்ல மாட்டார். கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டால் சொல்வார். மனிதர்கள் வெறும் கையோடு இருக்கும்போது சண்டைதான் போடுவார்கள். கத்தியும் வெள்ளரிக்காயும் இருந்தால் பேசுவார்கள்.

அந்தப் பிரெட் இல்லாத ஐட்டத்தை நான் மெனுவில் சேர்த்துவிட்டேன். போன மாதம் சிறுசேரிப் பக்கம் ஒரு கம்பெனி விழாவில் கவுன்ட்டர் போட்டபோது, அதிகம் போனது அதுதான். கழுத்தில் ஐடி கார்டு தொங்க நாலைந்து பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டு, "குளூட்டன் ஃப்ரீயா அக்கா? செமயா இருக்கு. எந்த நாட்டு ரெசிப்பி?" என்று கேட்டார்கள்.

"படப்பை" என்றேன்.

ஒரு பெண் போனை எடுத்து, அது எந்த நாட்டில் இருக்கிறது என்று தேட ஆரம்பித்தாள்.